பேசாத பிள்ளையை முதலில் விளையாட விடுவோம்

எங்கள் மக்தபின் ஆண்டு விழா அன்று மேடை போட்டு, ஷாமியானா கட்டி, பெண்கள் பகுதிக்குத் தனியாகத் திரை விட்டிருந்தோம். ஜமாஅத் நிர்வாகிகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் 'வள்ளுஹா' சூரா ஓத வேண்டும். வகுப்பில் எங்கள் அருகே வந்து காதோடு காதாக ஓதினால் ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. அவ்வளவு சுத்தமான தஜ்வீத். அன்று மைக் முன்னால் நின்றவன் வாய் திறக்கவே இல்லை. "ஓது தம்பி, தைரியமா ஓது" என்றோம். கூட்டத்திலிருந்து யாரோ முதல் ஆயத்தை எடுத்துக் கொடுத்தார். பின்வரிசையில் சிறுவர்கள் சிரித்தார்கள். சற்று நேரத்தில் அவனுடைய கால்சட்டை நனைந்தது.

அவனை மேடையில் ஏற்றியது நாம்தான். "ஒரு தடவை ஏறிட்டா பயம் போயிடும்மா" என்று அவனுடைய தாயாரிடம் அடித்துச் சொன்னதும் நாம்தான். மூன்று வாரம் அவன் மக்தபுக்கு வரவில்லை. வந்த பிறகும், முன்பு காதோடு ஓதியவன் அதையும் நிறுத்திவிட்டான்.

மத்ரஸாவில் ஏழு ஆண்டு ஓதினோம். பிறகு கல்லூரியில் மூன்று ஆண்டு இலக்கியம் படித்தோம். கூச்சப்படும் ஒரு குழந்தையை எப்படி நடத்த வேண்டும் என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்த விழாவுக்குப் பிறகு வெட்கப்பட்டுத் தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும், எங்கள் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இப்படி ஒரு பிள்ளை நம் வீடுகளில் பலவற்றில் இருக்கிறது.

ஹயா வேறு, பயம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வெட்கம் ஈமானில் ஒரு கிளை என்று மிம்பரில் நின்று நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்ட நம் மக்கள், வாய் திறக்காத பெண் பிள்ளையைப் பார்த்தால் "மாஷா அல்லாஹ், ஹயா உள்ள பிள்ளை" என்கிறார்கள். அதே பிள்ளை ஆணாக இருந்தால் "பொட்டப் புள்ள மாதிரி ஒளியிறான் பாரு" என்கிறார்கள். பெண்ணுக்குப் பாராட்டும் ஆணுக்கு ஏச்சும் கிடைக்கின்றன. இருவருக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஹயா என்பது தவறான ஒன்றைச் செய்ய மனம் கூசுவது. புதிய மனிதர்களைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, தெரிந்த பதிலும் வெளியே வராமல் போவது அதுவல்ல. அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தது எதற்காக? மார்க்கத்தைக் கேட்டு அறிந்துகொள்வதற்கு அவர்களுடைய வெட்கம் தடையாக நிற்கவில்லை என்பதற்காக. பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போக வேண்டும் என்று டீச்சரிடம் கேட்கத் தெரியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டிருக்கும் சிறுமியை ஹயாவின் பெயரால் பாராட்டினால், அவள் படும் அவதிக்கு நாம் அழகான பெயர் வைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களின் சிறுவயதுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வரும். முஸ்லிமுக்கு ஒப்பான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் சபையில் ஒரு விடுகதை போல் கேட்டார்கள். பெரியவர்கள் காட்டு மரங்களை எல்லாம் யோசித்தார்கள். சிறுவரான இப்னு உமருக்கு அது பேரீச்சை மரம் என்று மனதில் பட்டுவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் நடுவே வாய் திறக்கக் கூச்சம். பிறகு தம் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் தனியாகச் சொன்னார். நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு பிரியமாக இருந்திருக்கும் என்று தந்தை ஆசைப்பட்டார். ஏசவும் இல்லை, மறுநாள் சபையில் பிடித்து நிறுத்தவும் இல்லை.

புகாரியில் இதை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். ஓதும்போது நம் கவனமெல்லாம் பேரீச்சை மரத்தின் மீதுதான் இருந்தது. சபையில் வராத சொல், நெருக்கமானவரிடம் தனியாக வந்தது என்பதை, மேடையில் அந்தப் பையன் நின்ற பிறகுதான் கவனித்தோம். அந்தக் கூச்சக்காரச் சிறுவர்தான் பின்னாளில் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அறிவித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறவியிலேயே கொஞ்சம் உண்டு

"நாங்க நல்லாத்தானே வளர்த்தோம், இவ மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியல் அறிஞர் நான்கு மாதக் கைக்குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். குழந்தையின் முகத்துக்கு மேலே வண்ண பொம்மைகளைத் தொங்கவிட்டு ஆட்டுவது, அறிமுகமில்லாத குரலை ஒலிக்கவிடுவது, அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி, முதுகை வளைத்து அழுதது. மற்றவை வேடிக்கை பார்த்தன, சில சிரித்தன. அப்படி அழுத குழந்தைகளில் பலர் இரண்டு வயதில் புதிய ஆட்களையும் புதிய பொருட்களையும் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகளாக இருந்தார்கள்.

மூளையில் ஆபத்தை எச்சரிக்கும் மணி ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அது லேசாகத் தொட்டாலே அடிக்கிறது. இதில் திமிரும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. அதே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பலர் வளர வளரத் தேறிவிட்டார்கள். ஆனால் கூட்டத்தைக் கண்டதும் குதித்தோடும் குணத்துக்கு மாறியவர்கள் மிகக் குறைவு. அதனால் நம் எதிர்பார்ப்பிலும் ஓர் அளவு வேண்டும். அமைதியான பிள்ளை அமைதியான பெரியவராகவே வளரட்டும். தேவையான இடத்தில் பேச முடிகிற அமைதி அதற்கு இருந்தால் போதும்.

தேறுவதற்கு எது உதவுகிறது? மேடையில் தள்ளுவதும் உதவாது, முந்தானையில் பொத்தி வைப்பதும் உதவாது. தாங்கக்கூடிய அளவில் சிறு சிறு புதுமைகளைச் சந்திக்க விடுவதுதான் உதவுகிறது. அதற்கு விளையாட்டை விட நல்ல இடம் கிடையாது.

நேருக்கு நேர் பேசும்போது எல்லாருடைய கண்ணும் பிள்ளையின் முகத்தில் இருக்கும். மணல் வீடு கட்டும்போது எல்லாருடைய கண்ணும் மணலில் இருக்கும். கூச்சக்காரப் பிள்ளைக்கு இந்த ஒரு வித்தியாசமே பாதி சுமையை இறக்கிவிடும். அதுமட்டுமல்ல, விளையாட்டில் பிழைத்தால் ஒன்றும் போய்விடாது. வீடு சரிந்தால் மறுபடி கட்டலாம். சொப்பு சாமானில் சமைத்த பிரியாணியில் உப்பு கூடினாலும் யாரும் ஏச மாட்டார்கள். தான் பேச வேண்டியதைப் பொம்மையின் வாயில் வைத்துப் பேசலாம். "என் பொம்மைக்குப் பயமா இருக்காம்" என்று சொல்வது, "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்வதை விடச் சுலபம்.

ஓரமாக நிற்பதும் ஒரு படிதான்

1932ஆம் ஆண்டு மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து எழுதிய ஒரு வகைப்பாடு இன்றும் பேசப்படுகிறது. சில பிள்ளைகள் தனியாக விளையாடும். சில, மற்றவர்கள் ஆடுவதை நின்று பார்க்கும். சில, பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரிப் பொருளை வைத்துத் தன்பாட்டுக்கு விளையாடும். இதற்கடுத்துத்தான் சேர்ந்து விளையாடுவதும், ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு ஆடுவதும் வரும்.

நாம் செய்கிற தவறு என்னவென்றால், நின்று பார்க்கிற பிள்ளையை ஒன்றுமே செய்யாத பிள்ளை என்று நினைத்துவிடுகிறோம். பெருநாள் அன்று நன்னி வீட்டு முற்றத்தில் இருபது பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. ஒன்று மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. "போ, போயி அவங்களோட ஆடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறோம். அது அழுதுகொண்டு அம்மாவின் மடிக்குத் திரும்புகிறது. உண்மையில் அது ஆட்டத்தின் விதிகளையும், யார் தள்ளுவார், யார் விட்டுக்கொடுப்பார் என்பதையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் இரண்டடி நகர்ந்திருக்கும். தள்ளாமல், அந்தக் கூட்டத்துக்கு அருகிலேயே ஒரு பாயை விரித்து, கொஞ்சம் சொப்பு சாமானைக் கொட்டி, அதன் பக்கத்தில் நாமும் உட்காரலாம். பக்கத்தில் விளையாடுவதிலிருந்து சேர்ந்து விளையாடுவதற்கு உள்ள தூரம் சிறியது. பல நேரம் ஒரு கரண்டியை யாராவது கடன் கேட்பதோடு அந்தத் தூரம் முடிந்துவிடும்.

இதைவிடப் பயனுள்ள இன்னொரு ஆய்வு உண்டு. இதைப் படித்த நாளில் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1979இல் ஃபர்மன், ராஹே, ஹார்ட்அப் என்ற மூவர், மற்ற பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியிருந்த 24 மழலையர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தம்மை விட ஒரு வயதுக்கு மேல் சிறிய பிள்ளையைத் துணையாகக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒத்த வயதுத் துணை. மற்றவர்களுக்குத் துணை ஏதும் இல்லை. இருவர் இருவராகச் சில வாரங்களில் பத்து முறை விளையாட விட்டார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை, 'பேசு' என்று சொல்லவில்லை. அதன்பின் வகுப்பில் கவனித்தபோது, மற்றவர்களோடு கலந்து பழகுவதில் அதிக முன்னேற்றம் கண்டவர்கள், தம்மை விடச் சின்னப் பிள்ளையோடு விளையாடியவர்கள்தான்.

காரணம் லேசானது. சின்னவனோடு ஆடும்போது கூச்சக்காரப் பிள்ளை முதல் முறையாகத் தலைவனாகிறது. 'இப்படி வை, அப்படிச் செய்' என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அதன் மேல் விழுகிறது. சொன்னது நடக்கிறது. ஒத்த வயதுப் பிள்ளைகளிடம் அந்த வாய்ப்பு ஒருநாளும் கிடைத்திருக்காது. நம் குடும்பங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. சாச்சி மகள், மாமி மகன், பக்கத்து வீட்டுக் குட்டி என்று நாலைந்து வயதுகளில் எப்போதும் யாராவது இருப்பார்கள். எட்டு வயது மகளுக்கு ஆறு வயதுத் துணை ஒன்றை வாரம் இரண்டு முறை வீட்டுக்கு அழையுங்கள். ஒரே ஒரு பிள்ளை போதும். கூட்டம் சேர்த்தால் காரியம் கெட்டுவிடும்.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்த ஒன்று இங்கே பொருத்தமாக இருக்கும். ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். நபியவர்கள் உள்ளே வந்தால் அந்தச் சிறுமிகள் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்வார்கள். அவர்களை மீண்டும் ஆயிஷாவிடமே விளையாட அனுப்பி வைப்பார்கள் நபியவர்கள். கூச்சப்பட்ட பிள்ளையை விசாரிக்கவில்லை, நிறுத்தி வைத்துப் பெயர் கேட்கவில்லை. விளையாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அபூ உமைர் என்ற சிறுவரோடு பேசியதும் அவர் வளர்த்த சிட்டுக்குருவியைப் பற்றித்தான். அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஷாஃபிஈ மத்ஹபின் இப்னுல் காஸ் (ரஹ்) தனி நூலே எழுதினார் என்பது ஆலிம்களுக்குத் தெரியும். குழந்தை எதைப் பிடித்திருக்கிறதோ அதிலிருந்து பேச்சைத் தொடங்கு என்பதை அறுபத்தொன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள நமக்கு ஆசை.

விளையாட்டு சிகிச்சை என்றால் என்ன?

சில பிள்ளைகளுக்கு வீட்டு விளையாட்டு மட்டும் போதாது. அவர்களுக்காக உருவானதுதான் விளையாட்டு சிகிச்சை. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். மருந்து, ஊசி, மின்சாரம் எதுவும் இதில் கிடையாது.

லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1920களின் கடைசியிலேயே, ஒரு தட்டில் மணலும் பக்கத்தில் வீடு, மனிதர், விலங்கு, வேலி போன்ற சின்னச் சின்ன பொம்மைகளும் கொடுத்து, பிள்ளைகள் தங்கள் உலகத்தை அதில் கட்டிக் காட்ட வழி செய்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூல் இந்தச் சிகிச்சைக்கு எட்டு நெறிகளை வகுத்தது. அவற்றின் சாரம் இதுதான்: பிள்ளையோடு அன்பான உறவை உண்டாக்கு. அது எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள். அது வழிகாட்டட்டும், நீ பின்னால் போ. அவசரப்படுத்தாதே. தேவையான எல்லையை மட்டும் வை.

அவரே சிகிச்சை அளித்த ஐந்து வயதுச் சிறுவனின் கதையை 1964இல் 'டிப்ஸ்' என்ற பெயரில் எழுதினார். பள்ளியில் யாரோடும் பேசாமல் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளை. தாய் தந்தை இருவரும் பெரும் படிப்பாளிகள். பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இல்லையோ என்று அவர்களுக்கே சந்தேகம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மணல் தொட்டியும் பொம்மை வீடும் உள்ள அறையில் அவன் இஷ்டப்படி விட்டார் ஆக்ஸ்லைன். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது, கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. பின்னாளில் சோதித்தபோது அவனுடைய அறிவுத்திறன் அளவு 168 என்று வந்தது. எல்லாப் பிள்ளையும் இப்படி மேதையாக இருக்காது. இந்தக் கதையைப் படித்துவிட்டு அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. வாய் திறக்காத பிள்ளைக்குள் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க மட்டும் இது உதவட்டும்.

சிகிச்சையாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்றால், பெரும்பாலும் கேள்வி கேட்காமல் இருக்கிறார். கேட்பதற்கு லேசாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பிள்ளை ஒரு மாட்டை எடுத்து வேலிக்கு வெளியே வைக்கிறது. நாமாக இருந்தால், "இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? ஏன் வெளியே வச்சே?" என்று பரீட்சை வைத்துவிடுவோம். அவர், "மாடு மட்டும் வெளியில நிக்குது" என்று பார்த்ததைச் சொல்லி நிறுத்திவிடுவார். பிள்ளை சற்று நேரம் கழித்து, "அதுக்கு உள்ள வரப் பயம்" என்று சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். சொன்னால், "பயமா இருக்கு அதுக்கு" என்பார். "பயப்படக் கூடாது, சரியா?" என்ற உபதேசம் வராது. உபதேசம் செய்தே பழகிய நம்மைப் போன்ற ஹஜ்ரத்துகளுக்கு இந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வது பெரிய ரியாளத்.

இதை வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம். பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற தம்பதியர் 1960களிலேயே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் அரை மணி நேரம் அவர்களே தம் பிள்ளையோடு இப்படி விளையாடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2005இல் 93 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, நிபுணர் நடத்தியதை விடப் பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது பலன் கூடுதலாக இருந்தது. அத்தாவும் அம்மாவும் பெறுகிற இடத்தை எந்த நிபுணரும் பெற முடியாது என்பது நமக்குப் புரிகிற விஷயம்தான்.

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்க வேண்டும் என்றால், நாளும் நேரமும் மாறக் கூடாது. உதாரணத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்குப் பின். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மற்ற பிள்ளைகளை நன்னியிடம் விடுங்கள். ஒரு பழைய தாம்பாளத்தில் சலித்த மணல் அல்லது ரவை, கொஞ்சம் களிமண், சொப்பு சாமான், நாலைந்து விலங்கு பொம்மைகள், பழைய காலுறையில் கண் வரைந்து செய்த கைப்பொம்மை, டாக்டர் செட், ஓடாத பழைய போன் ஒன்று போதும். மொத்தச் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குள் அடங்கிவிடும். பொம்மை கூடுமா என்று சிலர் கேட்பார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் மேற்சொன்ன ஹதீஸை வைத்து, பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு அனுமதி உண்டு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. கட்டை உருட்டி ஆடும் தாயம் பற்றி வேறு பேச்சு இருக்கிறது. நமக்கு இங்கே அது வேண்டாம். பல்லாங்குழி இருக்கிறது, கூட்டாஞ்சோறு இருக்கிறது.

"இந்த நேரம் உன்னோட நேரம், என்ன விளையாடலாம்னு நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் அல்ல. முதல் இரண்டு வாரம் பிள்ளை ஒன்றுமே செய்யாமல் உங்கள் முகத்தையே பார்க்கலாம். பொறுத்திருங்கள். தோற்கடிக்கச் சொன்னால் தோற்றுப் போங்கள். அம்மாவை மாணவியாக்கி, அது டீச்சராகிப் பிரம்பெடுத்து மிரட்டினால் பயந்த மாதிரி நடியுங்கள். வகுப்பில் அதற்கு என்ன நடக்கிறது என்பதை அந்த மிரட்டலில் கேட்பீர்கள். நம் மக்தபைப் பற்றியும் கேட்க நேரலாம். அடிப்பதும் பொருளை உடைப்பதும் மட்டும் கூடாது. அதை ஒரே வார்த்தையில், கோபமில்லாமல் சொன்னால் போதும்.

கைபேசியில் ஓடும் ஆட்டம் இதற்கு ஈடாகாது. அதிலும் விரல் ஆடுகிறது, வாய் மூடியே இருக்கிறது. அங்கே பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஆளில்லை.

விருந்தாளி முன்னால்

வீட்டுக்கு ஆள் வந்தால் பிள்ளை அம்மாவின் துப்பட்டாவுக்குள் போய்விடும். "ஸலாம் சொல்லு... சொல்லு... ஏன் வாயில கொழுக்கட்டையா?" என்று தொடங்கிவிடுகிறோம். அல்லது மன்னிப்புக் கேட்பது போல, "இவ ரொம்பக் கூச்சப்படுவா" என்கிறோம். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. நாலு வருடம் அதையே கேட்டால் அதுவே தன் பெயர் என்று நம்பிவிடும். அதற்குப் பதில், வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு சிறு விளையாட்டு வைக்கலாம். அத்தா விருந்தாளி, பிள்ளை வீட்டுக்காரர். கதவைத் தட்டுவது, ஸலாம், தண்ணீர் கொண்டுவருவது எல்லாவற்றையும் இரண்டு முறை ஆடிப் பாருங்கள். உண்மையான விருந்தாளி வரும்போது பிள்ளை கையில் தண்ணீர்த் தட்டைக் கொடுங்கள். கையில் வேலை இருந்தால் கண்ணுக்குப் போக ஓர் இடம் கிடைக்கும். வாய்க்குள்ளேயே ஸலாம் சொன்னாலும் அன்றைக்கு அது போதும்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்?

வீட்டில் வாயாடும் பிள்ளை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கழிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றால் அது சாதாரணக் கூச்சம் அல்ல. உளவியலில் இதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. அது பிடிவாதமல்ல, அதனால் அடித்தால் கூடும். வீட்டிலும் பேச்சு குறைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் காது கேட்கும் சோதனையும் குழந்தை நல மருத்துவரின் ஆலோசனையும் தாமதிக்காமல் வேண்டும். அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். கட்டணமில்லாத 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம். விளையாட்டு சிகிச்சை என்று தனிப் பலகை மாட்டிய இடம் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். குழந்தைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் கேளுங்கள்.

ஜின் தீண்டியிருக்கும், கண்ணேறு என்று எங்களிடம் தண்ணீர் ஓத வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓதித் தருகிறோம், துஆ செய்கிறோம். கூடவே மருத்துவரிடமும் போகச் சொல்கிறோம். போகாமல் தாயத்துக்குச் செலவழித்த இரண்டு வருடம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது.

இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். நேற்று வரை கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப் போனால், அல்லது குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு மட்டும் ஒளிந்தால், அதைக் கூச்சம் என்று தட்டிக் கழிக்காதீர்கள். அந்த ஒருவர் உறவினராக இருந்தாலும், டியூஷன் ஆசிரியராக இருந்தாலும், நம்மைப் போல் தொப்பி போட்ட உஸ்தாதாக இருந்தாலும் சரி. பிள்ளையைத் துருவிக் கேட்காமல் பக்கத்தில் இருங்கள், அது சொல்வதை நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இதற்காகவே இருக்கிறது.

எங்கள் மக்தபில்

அந்தப் பையனிடம் வருவோம். ஓதச் சொல்வதை நாங்கள் அடியோடு நிறுத்தினோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஐந்து வயதுப் பொடியன்கள் இருவரை அவனிடம் விட்டு, ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும் கொடுத்தோம். மாடிப்படிக்குக் கீழே பாயில் உட்கார்ந்து மூவரும் அரபி எழுத்துகளைக் கொட்டையால் அடுக்குவார்கள். நாங்கள் பக்கம் போகவில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒருநாள் ஹவ்ளில் ஒளூ செய்துகொண்டிருந்தபோது, "அது பா இல்லடா, தா! மேல ரெண்டு புள்ளி வை!" என்ற குரல் கேட்டது. அவனுடைய குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த ஆண்டு விழாவில் அவன் மேடையேறவில்லை. பரிசுகளைப் பெயர் வாரியாக அடுக்கி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது மீண்டும் எங்கள் அருகே வந்து ஓதுகிறான், அந்தப் பொடியன்கள் கேட்க ஓதுகிறான். மைக் இன்னும் வேண்டாம் என்கிறான். சரி என்றுவிட்டோம்.

இப்போது மக்தபின் கடைசி இருபது நிமிடம் எல்லாருக்கும் விளையாட்டு. காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், பிறகு மக்தப் என்று ஓடும் பிள்ளைக்கு வேறு நேரம் ஏது? பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இருந்தும் ஜமாஅத் கூட்டத்தில் போன மாதம் ஒரு பெரியவர் எழுந்தார். "ஹஜ்ரத், நாங்க பணம் கட்டுறது ஓத வைக்கவா, புளியங்கொட்டை விளையாட வைக்கவா?" என்று கேட்டார். நாம் இஹ்யாவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பையனின் தாயார் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.